ரிக்ரெஷன் அவுட்புட்டை எப்படிப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதார அளவையியலை முதன்முறையாகப் படிப்பவர்களும் ப்ராஜெக்டுக்காக ரிக்ரெஷன் (ஒரு மாறி இன்னொன்றோடு எப்படிச் சேர்ந்து மாறுகிறது என்று தரவில் ஒரு கோடு பொருத்திப் பார்க்கும் முறை) ஓட்டுபவர்களும் கேட்கும் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. கணக்குப் போடுவதில் யாருக்கும் சிரமம் இல்லை, அதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. வந்த எண்களை வைத்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதில்தான் தடுமாற்றம்.

கேள்விக்கு ஓர் உதாரணம் என்று போனால் தலைசுற்றும். அதனால் பெரும்பாலும் ஒரே தரவையே பிடித்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 420 பள்ளி மாவட்டங்கள், 1998, 1999 ஆண்டுகளின் விவரம். (பள்ளி மாவட்டம் என்பது ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் பள்ளிகளின் தொகுப்பு. நம் ஊர் வருவாய் மாவட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு, கணிதத் தேர்வுகளின் சராசரி மதிப்பெண் இருக்கிறது. ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதமும் இருக்கிறது. உலகம் முழுக்க வகுப்பறைகளில் அடிபடும் தரவு இது. எளிய ரிக்ரெஷன் தரும் கோடு:

மதிப்பெண் = 698.9 − 2.28 × மாணவர் விகிதம்

திட்டப்பிழைகள், அதாவது ஸ்டாண்டர்ட் எரர்கள், முறையே 10.4, 0.52. ஆர் ஸ்கொயர் 0.051. (விகிதத்தைப் பெருக்கும் −2.28-க்குக் கெழு என்று பெயர். மற்றவை என்ன என்பது கீழே வரும்.)

அவுட்புட் வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நட்சத்திரங்களை இல்லை (எண்களுக்குப் பக்கத்தில் 'சிக்னிஃபிகன்ட்' என்று காட்ட வரும் * குறிகள்). எல்லோருடைய கண்ணும் அங்கேதான் முதலில் போகும், தெரியும். முதலில் அலகைப் பாருங்கள். சார்ந்த மாறி (நாம் விளக்க நினைப்பது) மதிப்பெண்ணில் இருக்கிறதா, ரூபாயிலா, ஆயிரம் ரூபாயிலா, லாகிலா (மடக்கையிலா)? சாராத மாறியில் (விளக்கப் பயன்படுவதில்) 'ஒன்று கூடுவது' என்றால் என்ன? இங்கே, ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் கூடுதல். அப்படியானால் −2.28 சொல்வது இதுதான்: ஆசிரியருக்கு ஒரு மாணவர் அதிகமாக உள்ள மாவட்டங்களில் சராசரி மதிப்பெண் 2.28 புள்ளி குறைவாக இருக்கிறது.

'குறைவாக இருக்கிறது' என்றேன், 'குறைகிறது' என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் இந்தப் பாடம் முழுவதும்.

698.9 என்ற மாறிலிக்கு என்ன அர்த்தம்?

மாணவர் விகிதம் பூஜ்யமாக இருந்தால் எதிர்பார்க்கும் மதிப்பெண். மாணவரே இல்லாத பள்ளியில் யார் தேர்வு எழுதுவது? எனவே பொருளாதார அர்த்தம் எதுவும் இல்லை. கோடு எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அது சொல்கிறது, அவ்வளவுதான். விகிதம் 20 என்றால் 698.9 − 45.6 = 653.3. இந்தக் கணக்குக்கு மாறிலி தேவை. அர்த்தமில்லை என்பதற்காக அதை மாடலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் கோடு வலுக்கட்டாயமாக ஆதிப்புள்ளி வழியே போகும், சாய்வே மாறிவிடும்.

இதே கதை இன்னொரு பிரபலமான தரவிலும் உண்டு. 1976-இல் அமெரிக்கத் தொழிலாளர்கள் 526 பேரின் மணிக்கூலியைப் படித்த ஆண்டுகளோடு சேர்த்துப் பார்த்தால், கூலி = −0.90 + 0.54 × படிப்பு என்று வருகிறது. பள்ளிக்கே போகாதவர் வேலைக்கு வந்து மணிக்கு 90 சென்ட் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று யாரும் வியாக்கியானம் செய்வதில்லை.

2.28 பெரிய எண்ணா, சின்ன எண்ணா?

நல்ல கேள்வி, ஆனால் பலர் கேட்காமலே போய்விடுகிறார்கள். அளவுகோல் இல்லாமல் எந்த எண்ணும் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை.

420 மாவட்டங்களின் மதிப்பெண் சராசரி 654.2, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து மாவட்டங்கள் வழக்கமாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) 19.1. விகிதத்தின் சராசரி 19.6, திட்ட விலக்கம் 1.9. இப்போது ஒரு கல்வி அதிகாரி ஆசிரியருக்கு இரண்டு மாணவரைக் குறைக்க நினைக்கிறார் என்று வையுங்கள். கோட்டின்படி கிடைப்பது சுமார் 4.6 புள்ளி, அதாவது திட்ட விலக்கத்தில் கால் பங்கு. மதிப்பெண் வரிசையில் நட்டநடுவில், 654.5-இல் நிற்கும் மாவட்டம் 659.1-க்குப் போகும். 60-ஆவது சதமானம் (60 சதவீத மாவட்டங்களுக்கு மேலே நிற்கும் இடம்) இருப்பதே 659.4-இல்தான். ஆக, 420 பேர் கொண்ட வரிசையில் நாற்பது இடம் முன்னேறினாற்போல.

மறுபக்கத்தையும் பாருங்கள். இரண்டு மாணவரைக் குறைப்பது சின்ன வேலை இல்லை. விகிதத்தின் நடு மதிப்பு 19.7. அதை 17.7 ஆக்கினால், மிகச் சிறிய வகுப்புகள் உள்ள பத்து சதவீத மாவட்டங்களின் எல்லைக்கு (17.3) அருகில் வந்துவிடுவோம். அதற்கு எத்தனை ஆசிரியர்களைப் புதிதாக எடுக்க வேண்டும்! அந்தச் செலவுக்கு 4.6 புள்ளி போதுமா என்பதற்கு எந்தப் புள்ளியியல் சோதனையும் பதில் சொல்லாது.

ஸ்டாண்டர்ட் எரர் எதற்கு? கெழு ஒன்று போதாதா?

வேறு 420 மாவட்டங்கள் கையில் கிடைத்திருந்தால் −2.28 வந்திருக்காது. −1.9 வந்திருக்கலாம், −2.7 வந்திருக்கலாம். அந்த ஆட்டம் எவ்வளவு என்பதற்கான மதிப்பீடுதான் 0.52. கெழுவை அதால் வகுத்தால் டி மதிப்பு: −2.28 ÷ 0.52 = −4.38. உண்மைச் சாய்வு பூஜ்யமாக இருந்தால் பார்க்கக்கூடிய இடத்திலிருந்து கிட்டத்தட்ட நாலரை அடி தள்ளி நிற்கிறோம் என்று இதைப் படிக்கலாம். அடி ஒவ்வொன்றும் ஒரு திட்டப்பிழை.

என்னைக் கேட்டால் டி மதிப்பைவிட 95 சதவீத நம்பிக்கை இடைவெளி பயனுள்ளது. −2.28-லிருந்து இருபுறமும் 1.96 × 0.52 போனால், −3.30 முதல் −1.26 வரை. 'பூஜ்யம் இல்லை' என்பதோடு நில்லாமல் 'எவ்வளவு இருக்கலாம்' என்பதையும் இது சொல்லிவிடுகிறது. ஒன்றே கால் புள்ளியாக இருந்தால் திட்டம் வேண்டாம், மூன்று என்றால் வேண்டும் என்று அதிகாரி நினைத்தால், இந்தத் தரவு அவருக்கு இன்னும் முடிவு சொல்லவில்லை என்பதும் இடைவெளியில்தான் தெரியும்.

இந்த டி பரவலைக் கண்டவர் வில்லியம் காசெட். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். சின்ன மாதிரிகளை வைத்து முடிவெடுக்க வேண்டிய கட்டாயத்தில் கண்டுபிடித்ததை 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். 'ஸ்டூடன்ட்ஸ் டி' என்பதில் உள்ள ஸ்டூடன்ட் நீங்கள் இல்லை, அவர்.

பி வேல்யூ 0.01 என்றால் 'உண்மைக் கெழு பூஜ்யம்' என்ற கருதுகோள் தவறாக இருக்க 99 சதவீத வாய்ப்பு என்று சொல்லலாமா?

கூடாது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதிகம் பேர் விழும் குழி இது.

பி வேல்யூ ஒரு 'இருந்தால்' கணக்கு. உண்மைக் கெழு பூஜ்யமாகவே இருந்தால், இவ்வளவு பெரிய டி மதிப்போ இதைவிடப் பெரியதோ வெறும் மாதிரி அதிர்ஷ்டத்தால் வர எவ்வளவு வாய்ப்பு? அது 0.01. கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கிலிருந்து, கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பை எடுக்க முடியாது. மழை பெய்தால் தெரு நனையும் வாய்ப்பு வேறு, தெரு நனைந்திருந்தால் மழை பெய்திருக்கும் வாய்ப்பு வேறு. தண்ணீர் லாரி போயிருக்கலாம்.

இந்தக் குழப்பம் மாணவர்களுக்கு மட்டும் உரியது இல்லை. அமெரிக்கப் புள்ளியியல் கழகமே 2016-இல் பி வேல்யூவை எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று ஓர் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

பி வேல்யூ 0.05-க்கு மேல் போய்விட்டது. மாறியைத் தூக்கிவிடலாமா? 'விளைவு இல்லை' என்று எழுதலாமா?

இரண்டும் வேண்டாம். 0.05 என்பது இயற்கை விதி இல்லை. 1925-இல் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் வசதிக்காக எடுத்த எல்லை, பழக்கத்தில் நிலைத்துவிட்டது. 0.049-க்கு விழாவும் 0.051-க்கு ஒப்பாரியும் தேவையில்லை.

'விளைவு இல்லை' என்பதற்கும் 'விளைவு இருக்கிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நீதிமன்றத்தில் பழகியதுதான். சந்தேகத்தின் பலனால் விடுதலையானவர் நிரபராதி என்று நிரூபணமாகவில்லை. அதனால் 'இன்மைக் கருதுகோளை (கெழு பூஜ்யம் என்பதை) ஏற்கிறோம்' என்று எழுதாமல் 'மறுக்க முடியவில்லை' என்று எழுதுங்கள். இடைவெளி −0.1 முதல் +0.1 வரை என்றால் விளைவு உண்மையிலேயே சிறியது. −8 முதல் +9 வரை என்றால் உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டிலும் பி வேல்யூ பெரியதாகவே இருக்கும்.

ஆர் ஸ்கொயர் 0.05-தான் வந்தது. என் மாடல் தோல்வியா?

மேலே பார்த்த உதாரணத்திலும் அதே 0.051-தான். மாவட்டங்களுக்கு இடையே மதிப்பெண் மாறுவதில் 5 சதவீதத்தை மட்டும் வகுப்பின் அளவு விளக்குகிறது. மீதி 95 சதவீதம் வேறெதிலோ இருக்கிறது. அதனால் 2.28 தவறாகிவிடாது. நாம் கேட்டது 'வகுப்பு அளவு மாறினால் என்ன?' என்று. 'மதிப்பெண்ணை எதெல்லாம் தீர்மானிக்கிறது?' என்று கேட்கவில்லை.

மேலே சொன்ன கூலித் தரவிலும் ஆர் ஸ்கொயர் 0.165-தான். தனி மனிதர்களைப் பற்றிய தரவில் இதெல்லாம் சாதாரணம்.

எனக்குப் பயம் வருவது 0.98 என்று யாராவது சிரித்துக்கொண்டே வரும்போதுதான். பெரும்பாலும் அது காலத்தொடர் தரவாக இருக்கும். ஆண்டுதோறும் ஏறும் ஒன்றை, ஆண்டுதோறும் ஏறும் இன்னொன்றின் மேல் போட்டிருப்பார்கள். கிரேஞ்சர், நியூபோல்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974-இல் செய்து காட்டியது இதைத்தான்: ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல், கணினியில் உருவாக்கிய இரண்டு தொடர்கள்கூட உயர்ந்த ஆர் ஸ்கொயரும் பளபளக்கும் டி மதிப்பும் தரும். டர்பின்–வாட்சன் மதிப்பு (அடுத்தடுத்த ஆண்டுகளின் பிழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று காட்டும் எண்) மிகக் குறைவாகவும் ஆர் ஸ்கொயர் மிக உயர்வாகவும் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். வேறுபாடு எடுத்துப் (இந்த ஆண்டு மதிப்பிலிருந்து போன ஆண்டு மதிப்பைக் கழித்துப்) பார்க்க வேண்டிய இடம் அது.

இன்னொரு மாறியைச் சேர்த்ததும் கெழு பாதியாகிவிட்டது. எது சரி?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. நிதானமாகப் பார்ப்போம்.

கலிஃபோர்னியாவில் ஆங்கிலத்தை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும், வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகள் நிறைய. அவர்களின் சதவீதத்தைச் சேர்த்தால்:

மதிப்பெண் = 686.0 − 1.10 × மாணவர் விகிதம் − 0.65 × ஆங்கிலம் கற்போர் சதவீதம்

விகிதத்தின் திட்டப்பிழை 0.43, மற்றதற்கு 0.031. ஆர் ஸ்கொயர் 0.051-லிருந்து 0.426-க்குத் தாவிவிட்டது. 2.28 எங்கே போனது?

பெரிய வகுப்புகள் உள்ள மாவட்டங்களில்தான் ஆங்கிலம் கற்போரும் அதிகம். இரண்டுக்கும் உடன்தொடர்பு 0.19, பெரிதில்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை. ஆங்கிலத்தில் நடக்கும் தேர்வில் அந்தக் குழந்தைகள் மதிப்பெண் குறைவாக எடுப்பார்கள். முதல் ரிக்ரெஷனில் இந்த மாறி இல்லாததால் அதன் பழியும் வகுப்பு அளவின் தலையில் விழுந்தது. எவ்வளவு விழுந்தது என்று கையாலேயே கணக்கிடலாம். வித்தியாசம் 2.28 − 1.10 = 1.18. அதை 0.65-ஆல் வகுத்தால் சுமார் 1.8. அதாவது விகிதம் ஒன்று கூடும் மாவட்டத்தில் ஆங்கிலம் கற்போர் சராசரியாக 1.8 சதவீதப் புள்ளி கூடுதலாக இருக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் 0.65 மதிப்பெண்ணை இழுக்கிறது. பெருக்கினால் இடைவெளி நிரம்பிவிடுகிறது.

விடுபட்ட மாறியால் கெழு ஒருபக்கமாக இழுக்கப்படும் பிழை என்பது இதுதான். இரண்டு நிபந்தனைகள் சேர்ந்தே இருக்க வேண்டும்: விடுபட்டது சார்ந்த மாறியைப் பாதிக்க வேண்டும், உங்கள் மாறியோடு தொடர்பும் இருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் பிழை இல்லை. பிழையின் திசை வேண்டுமா? இரண்டின் குறிகளையும் பெருக்குங்கள். இங்கே குறையும் கூட்டும் சேர்ந்து குறை. அதனால் கெழு கீழ்நோக்கி இழுக்கப்பட்டது.

எது சரி என்றால், இரண்டும் அதனதன் கேள்விக்குச் சரி. ஒரு மாவட்டத்தின் வகுப்பு அளவை மட்டும் தெரிந்துகொண்டு அதன் மதிப்பெண்ணை ஊகிக்க −2.28 நல்ல எண். வகுப்பைச் சிறிதாக்கினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு −1.10 கொஞ்சம் நெருங்கி வருகிறது.

அப்படியானால் கிடைக்கும் மாறிகளையெல்லாம் போட்டுவிடலாமே?

அதே தரவில் மாணவருக்கான செலவையும் (ஆயிரம் டாலரில்) சேர்த்துப் பார்ப்போம். விகிதத்தின் கெழு −0.29 ஆகிவிட்டது, திட்டப்பிழை 0.48. டி மதிப்பு வெறும் −0.60. வகுப்பு அளவுக்கு விளைவே இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா?

கெழுவை உரக்கப் படித்துப் பாருங்கள்: 'மாணவருக்கான செலவு மாறாமல் இருக்கும்போது' வகுப்பைச் சிறிதாக்கினால் என்ன? செலவைக் கூட்டாமல் ஆசிரியரைக் கூட்டுவது எப்படி? நூலகம், கணினி, ஆசிரியர் சம்பளம் என்று எங்கோ வெட்டித்தான் ஆக வேண்டும். ஆக, கேள்வியே மாறிவிட்டது. சின்ன வகுப்பு வேலை செய்வதே செலவு வழியாகத்தான் என்றால், செலவைக் கட்டிப்போட்டுவிட்டு விளைவைத் தேடுவது காலைக் கட்டிவிட்டு ஓடச் சொல்வது போல.

இன்னொரு மாறி: இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற மாணவர் சதவீதம். செலவை எடுத்துவிட்டு, ஆங்கிலம் கற்போரோடு இதைச் சேர்த்தால் விகிதத்தின் கெழு −1.00, திட்டப்பிழை 0.27. கெழு பெரிதாக அசையவில்லை. திட்டப்பிழை 0.43-லிருந்து நன்றாகக் குறைந்துவிட்டது, ஏனென்றால் மதிப்பெண்ணில் விளக்கப்படாமல் இருந்த இரைச்சலில் பெரும்பகுதியை இந்த மாறி எடுத்துக்கொண்டது. இது நல்ல கட்டுப்பாட்டு மாறி.

ஆனால் அந்த உணவு மாறியின் சொந்தக் கெழு −0.547. சாப்பாட்டை நிறுத்தினால் மதிப்பெண் ஏறும் என்று இதைப் படிப்பீர்களா? சத்துணவு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைத்த ஊரில் அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். அந்த மாறி குடும்ப வறுமையின் நிழல். கட்டுப்பாட்டு மாறிகளின் கெழுக்களுக்குக் காரண விளக்கம் தேடிப் பத்தி எழுதும் பழக்கத்தை விடுங்கள். அவை நிற்பது நம் மாறியைக் காப்பாற்றத்தான்.

டி டெஸ்ட் இருக்கும்போது எஃப் டெஸ்ட் எதற்கு?

'வகுப்பு அளவுக்கும் விளைவில்லை, செலவுக்கும் விளைவில்லை' என்பது ஒரே கருதுகோளில் இரண்டு கட்டுப்பாடுகள். இரண்டு டி மதிப்புகளைத் தனித்தனியாகப் பார்த்து, ஏதாவது ஒன்று 1.96-ஐத் தாண்டினால் மறுப்போம் என்றால், இரண்டும் சார்பற்றவையாக இருக்கும்போதுகூடத் தவறாக மறுக்கும் வாய்ப்பு 1 − 0.95² = 9.75 சதவீதம். 5 என்று சொல்லிவிட்டு ஏறக்குறைய 10 எடுப்பது. எஃப் டெஸ்ட் இரண்டையும் சேர்த்து எடைபோடுகிறது. மேலே சொன்ன செலவு மாடலில் எஃப் மதிப்பு 5.43. 5 சதவீத எல்லை 3.00, 1 சதவீதத்துக்கு 4.61. இரண்டும் பூஜ்யம் என்பது மறுக்கப்படுகிறது.

தனித்தனி டி எல்லாம் சோர்ந்து கிடக்க, எஃப் மட்டும் ஜெயிப்பதும் உண்டு. அந்த மாறிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். கூட்டாக வேலை செய்கிறார்கள், யார் எவ்வளவு செய்தார் என்று பிரிக்க முடியவில்லை.

விஐஎஃப் (ஒரு மாறி மற்ற மாறிகளோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்ற அளவு) 10-ஐத் தாண்டிவிட்டது. என்ன செய்ய?

பெரும்பாலும், ஒன்றும் செய்ய வேண்டாம். விஐஎஃப் 10 என்றால் அந்த மாறியின் 90 சதவீதத்தை மற்ற மாறிகளே விளக்கிவிடுகின்றன என்று அர்த்தம். அதனால் திட்டப்பிழை பெருக்கிறது, ஆனால் கெழு ஒருபக்கமாகச் சாய்வதில்லை. 10 என்பதும் வெறும் வழக்கம். பயந்து தேவையான மாறியை எடுத்தால், மேலே பார்த்த விடுபட்ட மாறிப் பிழை உள்ளே வரும். ஒட்டிக்கிடப்பவை கட்டுப்பாட்டு மாறிகள் மட்டும் என்றால் கவலையே வேண்டாம்.

லாக் எடுத்தால் கெழுவை எப்படிப் படிப்பது?

கூலித் தரவில் லாக் கூலி = 0.584 + 0.083 × படிப்பு. ஓராண்டு கூடுதல் படிப்புக்குக் கூலி சுமார் 8.3 சதவீதம் அதிகம். 0.083 டாலர் என்று படித்துவிடாதீர்கள். 0.083 சதவீதமும் இல்லை, 100-ஆல் பெருக்க வேண்டும்.

இரு பக்கமும் லாக் என்றால் கெழு நேரடியாக நெகிழ்ச்சி: ஒரு சதவீதத்துக்கு எத்தனை சதவீதம். வலப்பக்கம் மட்டும் லாக் என்றால் கெழுவை 100-ஆல் வகுக்க வேண்டும். கலிஃபோர்னியாத் தரவில் மதிப்பெண்ணை லாக் வருமானத்தின் மேல் போட்டால் கெழு 36.42. வருமானம் ஒரு சதவீதம் கூடினால் மதிப்பெண் 0.36 புள்ளி.

'100-ஆல் பெருக்கு' என்ற குறுக்குவழி சின்ன எண்களுக்குத்தான். அதே கூலித் தரவில் படிப்பு, அனுபவம் எல்லாம் வைத்த பிறகு பெண்களுக்கு 1, ஆண்களுக்கு 0 என்று வைக்கும் டம்மி மாறியின் கெழு −0.297. இதை 29.7 சதவீதம் குறைவு என்று எழுதினால் தப்பு. e-ஐ −0.297-க்கு உயர்த்தி ஒன்றைக் கழித்தால் வருவது −0.257, அதாவது 25.7 சதவீதம் குறைவு. நான்கு சதவீதப் புள்ளி சும்மா வந்துவிட்டது.

டம்மி மாறியின் கெழு?

இரண்டு குழுக்களின் சராசரி வித்தியாசம், வேறொன்றும் இல்லை. விகிதம் 20-க்குக் கீழே உள்ள மாவட்டங்களுக்கு 1, மற்றவற்றுக்கு 0 என்று வைத்தால்: மதிப்பெண் = 650.0 + 7.4 × டம்மி. 650.0 பெரிய வகுப்பு மாவட்டங்களின் சராசரி, 657.4 சின்ன வகுப்புகளுடையது. எந்தக் குழுவை 0 என்று வைத்தீர்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள், இல்லையென்றால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

நேர்கோடு பொருந்துகிறதா என்று எப்படித் தெரியும்?

படம் வரையுங்கள். புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973-இல் நான்கு குட்டித் தரவுகளை வெளியிட்டார், ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் அதே கோடு (3 + 0.5 மடங்கு), அதே ஆர் ஸ்கொயர் 0.67. வரைந்து பார்த்தால் ஒன்று ஒழுங்கான மேகம், ஒன்று வளைவு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி கோட்டை இழுக்கிறது, இன்னொன்றில் ஒரு புள்ளியை எடுத்தால் கோடே இல்லை. எண்களை மட்டும் பார்த்தவருக்கு நான்கும் ஒன்று.

முறையான சோதனை வேண்டுமென்றால் ராம்சேயின் ரீசெட் டெஸ்ட் இருக்கிறது, அல்லது வர்க்க உறுப்பைச் சேர்த்து அதன் டி மதிப்பைப் பார்க்கலாம். மாவட்ட வருமானத்தோடு (ஆயிரம் டாலரில்) அப்படிச் செய்தால்: 607.3 + 3.85 × வருமானம் − 0.0423 × வருமான வர்க்கம். இப்போது '3.85-தான் விளைவு' என்று சொல்ல முடியாது. வருமானம் 10-லிருந்து 11-க்குப் போனால் 2.96 புள்ளி, 40-லிருந்து 41-க்குப் போனால் 0.42 மட்டும்.

ஹெட்டிரோஸ்கெடாஸ்டிசிட்டி வந்துவிட்டால் மாடல் வீணா?

இல்லை. எச்சங்களின் (உண்மை மதிப்புக்கும் கோடு சொல்லும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசங்களின்) பரவல் எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் இல்லை என்பதுதான் விஷயம். படிப்பு குறைந்தவர்களின் கூலிகள் நெருக்கமாகக் கிடக்கும், படித்தவர்களிடம் குமாஸ்தாவும் உண்டு, கம்பெனித் தலைவரும் உண்டு. கெழு அப்படியே நிற்கும், திட்டப்பிழைதான் தவறாகும். பிரூஷ்–பேகன் சோதனை, வைட் சோதனை எல்லாம் செய்து காட்டச் சொன்னால் செய்யுங்கள். ஆனால் 1980-இல் வைட் கொடுத்த ரோபஸ்ட் திட்டப்பிழையை (பரவல் ஒரே அகலத்தில் இல்லாவிட்டாலும் செல்லுபடியாவதை) நேரடியாகப் போட்டுவிடுவதே இன்றைய வழக்கம், அதுவே நல்லதும்கூட. இந்தப் பக்கத்தின் 0.52 அப்படிப்பட்டது. பழைய சூத்திரத்தில் 0.48 வரும்.

எச்சங்கள் நார்மலாக (மணி வடிவில்) இல்லை, டர்பின்–வாட்சனும் 1.4 என்று வருகிறது...

420 போன்ற மாதிரிக்கு நார்மல் இல்லாதது பெரிய பிரச்சினை இல்லை, மைய எல்லைத் தேற்றம் (மாதிரி பெரிதானால் மதிப்பீடுகள் மணி வடிவில் பரவும் என்பது) பார்த்துக்கொள்ளும். 15 புள்ளிகள் வைத்திருந்தால் யோசிக்கலாம். டர்பின்–வாட்சன் காலத்தொடருக்கான கருவி. குறுக்குவெட்டுத் தரவில் (பல மாவட்டங்களை ஒரே காலத்தில் அளந்ததில்) மாவட்டங்களை அகர வரிசையில் அடுக்கினால் ஒரு மதிப்பு, மதிப்பெண் வரிசையில் அடுக்கினால் வேறொரு மதிப்பு. அதைப் பட்டியலில் போடவே வேண்டாம்.

பிழை உறுப்புக்கும் (மாடலில் சேராத மற்றவற்றின் மொத்த விளைவுக்கும்) மாறிக்கும் தொடர்பில்லை என்ற நிபந்தனையை எந்தச் சோதனையில் சரிபார்ப்பது?

ஒரு வைவாவில் மாணவர் ஒருவர் எச்சங்களுக்கும் சாராத மாறிக்கும் உடன்தொடர்பு எடுத்து, 0.0000 என்று ஸ்லைடில் கொட்டை எழுத்தில் போட்டு, 'நிபந்தனை நிறைவேறியது சார்' என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் இதைச் செய்வார். மீச்சிறு வர்க்க முறை (இதுவரை நாம் கோடு வரைந்த முறை) அந்த உடன்தொடர்பு பூஜ்யமாகும்படிதான் கோட்டையே வரைகிறது. எவ்வளவு மோசமான மாடலிலும் அது பூஜ்யம்தான். எச்சம் நம் கைக்கு வருவது, பிழை உறுப்பு கண்ணுக்கே தெரியாதது. முதலாவதைப் பார்த்து இரண்டாவதற்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

இந்த நிபந்தனையை யோசித்துத்தான் சரிபார்க்க வேண்டும். வெளியே விடுபட்டது என்ன, விளைவே காரணத்தைத் திருப்பிப் பாதிக்கிறதா, மாறி சரியாக அளக்கப்பட்டதா என்று ஒவ்வொன்றாக.

எப்போதுதான் 'காரணம்' என்று சொல்லலாம்?

விகிதம் எப்படி வந்தது என்று தெரியும்போது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை 'ஸ்டார்' என்ற சோதனை நடந்தது. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் 13–17 பேர் கொண்ட சின்ன வகுப்பிலும் 22–25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பிலும் போட்டார்கள். வழக்கமான வகுப்புகளில் சிலவற்றுக்கு உதவியாளரும் உண்டு. குலுக்கலுக்குப் பெற்றோரின் வருமானமும் தெரியாது, வீட்டு மொழியும் தெரியாது. அதனால் அங்கே எளிய டம்மி ரிக்ரெஷனே காரணத்தைப் பேசும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள் என்பதுதான் முடிவு. கலிஃபோர்னியாவில் குலுக்கல் கிடையாது, எனவே கட்டுப்பாட்டு மாறிகளை வைத்து வாதாட வேண்டியிருக்கிறது.

ரிப்போர்ட்டில் ஒரு வாக்கியமாக எப்படி எழுதுவது?

இப்படி எழுதலாம்: 'ஆங்கிலம் கற்போர், இலவச உணவுக்குத் தகுதி பெற்றோர் ஆகிய சதவீதங்கள் ஒரேயளவில் உள்ள மாவட்டங்களுக்குள் ஒப்பிட்டால், ஆசிரியருக்கு ஒரு மாணவர் குறைவாக உள்ள மாவட்டத்தின் சராசரி மதிப்பெண் 1.00 புள்ளி அதிகம் (ரோபஸ்ட் திட்டப்பிழை 0.27, 95 சதவீத இடைவெளி 0.47 முதல் 1.53 வரை). இது மதிப்பெண்ணின் திட்ட விலக்கத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு.' அலகு, ஒப்பீடு, ஐயத்தின் அளவு, பெரிதா சிறிதா என்ற மதிப்பு, நான்கும் வந்துவிட்டன. 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல் தேவைப்படவே இல்லை, கவனித்தீர்களா?

எக்செல்லில் செய்தால் போதுமா?

கெழுக்களுக்குப் போதும். ஆனால் எக்செல்லின் ரிக்ரெஷன் கருவி ரோபஸ்ட் திட்டப்பிழை தராது. ஸ்டேட்டா, ஆர் என்ற மென்பொருள்கள் இரண்டிலும்கூட நீங்களாகக் கேட்காவிட்டால் பழைய சூத்திரம்தான் வரும். இந்தத் தரவை நீங்களே ஓட்டிப் பார்த்து 0.52-க்குப் பதில் 0.48 வந்தால் பதற வேண்டாம், ரோபஸ்ட் கேட்க மறந்திருப்பீர்கள்.